1986–89 லிங்கன் டவுன் கார்: நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் பார்த்து வாங்கிப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், ஆசைக்கு ஒரு பழைய கார் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் கையைக் கடிக்கக் கூடாது. அப்படி யோசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1986 முதல் 1989 வரை வந்த லிங்கன் டவுன் காரைத்தான். லிங்கன் என்பது ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுக் கார் பிரிவு. புதிதாக வந்தபோது ஏறத்தாழ 25 ஆயிரம் டாலர். அந்தக் காலத்துச் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. இன்று அதே காரை, ஷெட்டை விட்டு அதிகம் வெளியே வராத நிலையில், நான்கு இலக்க விலையிலோ அதைக் கொஞ்சம் தாண்டியோ வாங்கிவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் சாமான்கள் எல்லாம் மலிவு, எங்கும் கிடைக்கும். சீட் தோல், கதவு உள்பட்டை, குரோம் பட்டைகள், கூரை வினைல், விளக்குக் கண்ணாடிகள் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் பழைய கார் பார்க்கும் வழக்கமான முறையை இங்கே தலைகீழாக்க வேண்டும். முதலில் உடம்பையும் உள்ளறையையும் பாருங்கள், அப்புறம் பானெட்டைத் திறங்கள். இன்ஜின் சத்தம் அருமையாக இருக்கிறது என்று சொல்லிக் கிழிந்த சீட்டும் துருப்பிடித்த கூரையும் உள்ள காரை வாங்குபவர்கள், காரின் விலையைப் போல இரண்டு மடங்கு செலவழித்தும் நினைத்த காரை அடைவதில்லை.

இந்தக் கார் ஏன் மலிவு, ஏன் இவ்வளவு நன்றாகத் தப்பித்திருக்கிறது

டவுன் கார் மிச்சிகன் மாநிலத்தின் விக்ஸம் தொழிற்சாலையில் உருவானது. தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தும் பழைய முறை, முன்னால் வி8 இன்ஜின், பின் சக்கரங்களுக்கு இழுவை. நீளம் 219 அங்குலம், அதாவது 18 அடிக்கும் மேல். 1985-இல் காடிலாக் தன் டிவில் மாடலைச் சுருக்கி முன்சக்கர இழுவைக்கு மாற்றியது. லிங்கன் மாறவில்லை. பெரிய கார்தான் வேண்டும் என்று இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். 1988 மாடல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாரானது.

எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை ஏறவில்லை. வாங்கியவர்களில் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்கள் என்பதால் கார்கள் கெடவும் இல்லை. ஷெட்டில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் மருத்துவரிடமும் போய் வந்து, பில்களை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கையுறைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் ஷெட்டில் 18 அடிக் காருக்கு இடம் இருக்காது, விற்றுவிடுவார்கள். நாம் தேட வேண்டியது இப்படி வரும் கார்களைத்தான்.

படி 1: எந்த ஆண்டு, எந்த வகை

இந்த உடலமைப்பு 1981 முதல் 1989 வரை டவுன் கார் என்ற பெயரில் வந்தது. 1985 வரை உள்ளவற்றில் எரிபொருளை நடுவில் ஓரிடத்தில் தெளிக்கும் முறை. 1986-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வந்தது. அதே 5 லிட்டர் வி8 இன்ஜின்தான், ஆனால் 150 குதிரைத்திறன், காலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும், கோளாறைத் தானே சொல்லும் கணினியும் உண்டு. அதனால் 1986-க்கு முந்தையதை, நிலை மிக அபூர்வமாக இருந்தாலொழிய, நான் பரிந்துரைப்பதில்லை.

1988-இல் முன்பக்கக் கிரில் மாறியது. 1989 இந்த உருவத்தின் கடைசி ஆண்டு, 1990-இல் வளைந்த புது உடல் வந்துவிட்டது. கடைசி ஆண்டு என்று சொல்லி யாராவது கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். 1986-க்கும் 1989-க்கும் ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

வகைகள் மூன்று: சாதாரண டவுன் கார், சிக்னேச்சர், கார்த்தியே. கடைசியது பிரெஞ்சு நகை நிறுவனத்தின் பெயரில் வந்த உயர்வகை. அதன் சீட் துணியும் நிறச் சேர்க்கையும் தனி, அழகும்தான். ஆனால் கிழிந்தால் மாற்றுத் துணி தேடி அலைய வேண்டும். வகைக்காக நிலையை விட்டுக்கொடுக்க வேண்டாம். பளிச்சென்றிருக்கும் சாதாரண டவுன் கார், வெயிலில் வெளுத்த கார்த்தியேவை விட எல்லா விதத்திலும் மேல்.

டவுன் கார் கிடைக்கவில்லை என்றால்? 1987-இலிருந்து வந்த காடிலாக் புரோஹம் இதே மாதிரி பெரிய கார்தான், சற்று நீளமும் கூட. ஆனால் அந்தக் கால மாடல்களில் கார்புரேட்டர். பம்பரை ஒட்டிய பிளாஸ்டிக் இணைப்புகளும் நொறுங்கிப் போயிருக்கும். கிரைஸ்லர் ஃபிஃப்த் அவென்யூ அளவில் சிறியது, எளிமையானது. 1988 லிங்கன் கான்டினென்டலைத் தவிருங்கள். முன்சக்கர இழுவை, வி6 இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) தொல்லை, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த சஸ்பென்ஷன் என மூன்றும் சேர்ந்து பணத்தை விழுங்கும். டவுன் காரில் அந்த ஆண்டுகளில் சாதாரண ஸ்பிரிங்தான், நமக்கு அது பெரிய நிம்மதி.

படி 2: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் உள்ள தொகை முழுவதையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் 35 ஆண்டுக்கு மேலான ரப்பர் ரப்பர்தான். டயர், பேட்டரி, ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட், பிரேக் குழாய், எல்லா எண்ணெய்கள், ஏசி என்று முதல் வருடத்தில் 2,000 முதல் 3,000 டாலர் வரை போகலாம். இதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியில் கார் பாருங்கள்.

நகருக்குள் ஒரு கேலனுக்கு 15 மைலை ஒட்டி ஓடினால் நல்லது, நெடுஞ்சாலையில் 20-ஐத் தாண்டும். சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல் போதும்.

படி 3: எங்கே தேடுவது

ஊரைப் பொறுத்து நோய் மாறும். மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள், அடிச்சட்டம் அரித்துப் போகும். அங்கே ஓடிய காரை அடியில் பார்க்காமல் வாங்கவே கூடாது. அரிசோனா, நெவாடாவில் துரு கிடையாது, ஆனால் வெயில் டேஷ்போர்டைப் பிளந்து தோலைக் காய வைத்துவிடும். புளோரிடாவில் வயதானவர்களின் கார் நிறையக் கிடைக்கும். கடலோரம் இருந்ததா, ஷெட்டில் நின்றதா என்று கேளுங்கள்.

என் தேர்வு எந்த ஊர்க் காராக இருந்தாலும் ஷெட்டில் நின்ற கார். வெயில் நாட்டில் வெளியே நின்றதையும் பனி நாட்டில் ஷெட்டில் குளிர்காலம் முழுக்க உறங்கியதையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதை எடுப்பேன்.

ஆன்லைன் விளம்பரங்கள் தவிர, இறந்தவர் வீட்டுப் பொருட்களை விற்கும் எஸ்டேட் விற்பனைகளைக் கவனியுங்கள். அப்புறம் லிங்கன் காரர்களின் சங்கம் இருக்கிறது, அவர்களுடைய கூட்டங்களுக்குப் போனால் விளம்பரத்துக்கே வராத கார்கள் காதில் விழும். மிச்சிகனில் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற ஊரில் கில்மோர் கார் அருங்காட்சியகத்துக்குள் லிங்கனுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒருமுறை பாருங்கள், நல்ல நிலை என்றால் என்ன என்பது கண்ணுக்குப் பழகும்.

படி 4: கிளம்புவதற்கு முன் போனில் கேளுங்கள்

கார் யார் பெயரில் இருக்கிறது? எத்தனை கை மாறியது? கூரை வினைல் பழையதா, மாற்றியதா? ஏசி குளிர்கிறதா, எந்த வாயு? கடைசியாக எப்போது ஓடியது? எல்லா ஜன்னலும் இறங்கி ஏறுகிறதா? டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், கையில் இருக்கிறதா?

பின்கண்ணாடிக்குக் கீழே வினைல் முடியும் ஓரம், ஓட்டுநர் சீட்டின் வெளி விளிம்பு, கதவுகளின் அடி, கார்ப்பெட்டுக்குக் கீழே தரை, இந்த நாலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் முந்நூறு மைல் ஓட்டிப் போக வேண்டாம். போகும் அன்று இன்ஜினைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

படி 5: உடம்பும் உள்ளறையும்

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். அவசரம் வேண்டாம்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். டவுன் காரின் மெத்தை வைத்த வினைல் கூரை அழகு, ஆனால் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. பின்கண்ணாடியைச் சுற்றியும், வினைல் முடியும் குரோம் பட்டை ஓரமாகவும் கட்டை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தை மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். அழுத்தும்போது மொறுமொறு என்று கேட்டாலோ, கொப்புளம் போல மேலெழும்பி இருந்தாலோ அடியில் தகடு துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றி, வினைலை உரித்து, தகடு வெட்டி ஒட்டி, மறுபடி வினைல் போட ஆகும் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். என்னைக் கேட்டால் அந்த மொறுமொறு சத்தம் கேட்டதுமே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர்க் கறை இருந்தால் பின்கண்ணாடி ஓரமோ டிக்கி ரப்பரோ ஒழுகுகிறது. பின் சக்கர வளைவுகளின் உள் விளிம்பு, கதவுகளின் கீழ் மடிப்பு, பின் பம்பருக்கு மேலே உள்ள தகடு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போனால் புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும். அடிச்சட்டத்தைப் பார்க்க, பக்கத்து மெக்கானிக் கடையில் லிஃப்டில் ஏற்றச் செலவு பார்க்க வேண்டாம்.

சக்கரத்தில் கம்பி மாதிரி மூடிகள் இருந்தால் அவற்றைக் கழற்றத் தனிச் சாவி உண்டு. டிக்கியிலோ கையுறைப் பெட்டியிலோ அது இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் கையில் பாருங்கள். இல்லாவிட்டால் வழியில் பஞ்சராகும்போது சக்கரத்தையே கழற்ற முடியாது.

உள்ளே உட்காருங்கள். ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு உண்மையைச் சொல்லும். ஓடுமானியில் 40 ஆயிரம் காட்டி அந்த விளிம்பு தேய்ந்து வெடித்திருந்தால் நம்பாதீர்கள். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஓடுமானி ஐந்து இலக்கம்தான், ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 40 ஆயிரம் என்பது 1 லட்சத்து 40 ஆயிரமாகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் பிடிக்கும் இடம், பழைய சர்வீஸ் பில்களில் எழுதிய மைல், மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும்.

மேற்கூரைத் துணி தொங்கினால் பயப்பட வேண்டாம். அதன் பின்னால் உள்ள நுரை பொடியாகிவிடும், எல்லாப் பழைய கார்களுக்கும் வருவது. புதுத் துணி ஒட்டிக்கொள்ளலாம். டேஷ்போர்டு வெடிப்பும் தோல் கிழிசலும் அப்படியல்ல.

இனி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துங்கள். ஜன்னல் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் வந்து கண்ணாடி அசையவில்லையா? மோட்டாரின் பல்சக்கரத்துக்குள் உள்ள மூன்று சிறு பிளாஸ்டிக் கட்டைகள் பொடியாகியிருக்கும். ஃபோர்டு கார்களில் எல்லாரும் அறிந்த கோளாறு, சாமான் விலை சில டாலர்தான், பேரம் பேச மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கதவில் எண் பொத்தான்கள் இருந்தால் ஐந்து இலக்கக் கம்பெனி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: இன்ஜினும் கியர்பாக்ஸும்

பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு கணம் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது, பெரிய விஷயமில்லை. தொடர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும். இந்த 5 லிட்டர் இன்ஜின் மஸ்டாங்கிலும் ஃபோர்டு வேன்களிலும் லாரிகளிலும் லட்சக்கணக்கில் ஓடியது. கடுமையான இன்ஜின் அல்ல, பொறுமையான இன்ஜின். எண்ணெய் மாற்றி வந்திருந்தால் எளிதில் சாகாது.

கியர்பாக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்களைக் கொன்றதில் பாதிப் பழி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டின் மேல்தான் விழும். ஏஓடி என்ற நான்கு கியர் ஆட்டோமேடிக்கில், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்ல ஒரு கேபிள் உண்டு. டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் என்பார்கள். அதைப் பொறுத்துத்தான் உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறும். கேபிளின் மேல்முனை, இன்ஜின் மேல் உள்ள த்ராட்டில் நெம்புகோலில், விரல் நுனி அளவு பிளாஸ்டிக் புஷ் ஒன்றில் மாட்டியிருக்கும். இன்ஜின் சூட்டில் முப்பது வருடம் இருந்த அந்தப் புஷ், விரலால் பிடித்தாலே பொடியாகும். அது உதிர்ந்தால் கேபிள் கழன்று தொங்கும், மிதித்தது கியர்பாக்ஸுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறாது, உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிந்துவிடும். அதற்குச் சில மைல்களே போதும்.

ஆகவே ஓட்டிப் பார்க்கும் முன், இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் நெம்புகோலைக் கண்டுபிடித்து, கேபிள் முனை கெட்டியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பித்தளைப் புஷ் போட்டிருந்தால் முந்தைய உரிமையாளர் விஷயம் தெரிந்தவர். முனை கழன்றிருந்தால் அந்தக் காரை ஓட்டவே கூடாது.

பிறகு ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது மென்மையாக, ஆனால் தெளிவாகத் தெரிய வேண்டும். ரிவர்ஸ் போட்டதும் ஓரிரு கணத்தில் பிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே, பார்க்கில் வைத்து, கியர்பாக்ஸ் அளவுகோலை இழுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் மாற்றுக் கியர்பாக்ஸ் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஓட்டும்போது இன்னும் இரண்டு சோதனைகள். காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது டிரைவுக்கு மாற்றினால், தானே விடுபடும் வசதி உள்ள கார்களில் பெடல் மேலே எழும்ப வேண்டும். அடுத்து ஏசியைப் போட்டு மேட்டில் நன்றாக மிதியுங்கள். முகத்துக்கு வந்த காற்று திடீரென்று முன்கண்ணாடிக்குப் போனால் இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்குவம் குழாய் எங்கோ ஒழுகுகிறது. இரண்டுமே பெரும்பாலும் காய்ந்த ரப்பர்க் குழாயால் வருபவை, விலை சொற்பம், தேடும் பொறுமைதான் வேண்டும்.

அரை மணி நேரம் ஓட்டாமல் திரும்பாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் திடீரென்று அணைந்து, ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல் போய்விட்டது. அந்தக் கால ஃபோர்டுகளில் பேர்போன கோளாறு. நல்ல மாட்யூல் வாங்கி, பின்னால் வெப்பம் கடத்தும் பசை தடவிப் பொருத்தினால் தீரும். அதன் திருகுகளைக் கழற்ற மெல்லிய தனி சாக்கெட் தேவை, அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

படி 7: காகிதங்கள்

வின் நம்பர் என்பது காரின் அடையாள எண், 17 எழுத்து. எட்டாவது எழுத்து எஃப் என்றால் இந்த 5 லிட்டர் இன்ஜின். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: ஜி 1986, ஹெச் 1987, ஜே 1988, கே 1989. பதினொன்றாவது ஒய் என்றால் விக்ஸம் தொழிற்சாலை. முன்கண்ணாடி ஓரத் தகடு, ஓட்டுநர் கதவு ஸ்டிக்கர், டைட்டில், மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

விற்பவர் பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அப்பா இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால், விற்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதற்கான நீதிமன்றக் காகிதத்தைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். டைட்டிலில் மைலேஜ் விலக்கு என்று எழுதியிருந்தால் அது மோசடி அல்ல. இந்த வயதுக் கார்களுக்குச் சட்டப்படி மைலேஜ் அறிவிக்கத் தேவையில்லை. அதனால்தான் பழைய பில்கள் முக்கியம். பில் கட்டு உள்ள காருக்கு ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்க மாட்டேன்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே புகைச் சோதனை விலக்கு 1975 மாடல் வரைதான். 1988 கார் சோதனையில் தேற வேண்டும், தேறிய சான்றிதழை விற்பவரிடமே கேளுங்கள். பல மாநிலங்களில் 25 வயதைத் தாண்டிய காருக்கு வரலாற்று நம்பர் பிளேட் கிடைக்கும். சேகரிப்புக் கார்களுக்கென்றே உள்ள காப்பீட்டில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி எடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் விபத்து நடந்தால் பழைய கார் என்று சொல்லிச் சில நூறு டாலரோடு முடித்துவிடுவார்கள்.

ஊருக்குக் கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்குப் பொதுவான விதி மூன்று வயதுக்கு மேல் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது. இந்தக் கார் இரண்டிலும் அடிபடும். அமெரிக்காவிலேயே வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 8: வாங்கிய முதல் மாதம்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டிவி கேபிள் புஷ்ஷைப் பித்தளைக்கு மாற்றுவது. பழையது நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

இன்ஜின் எண்ணெய் மாற்றும்போது எண்ணெய்த் தொட்டியில் இரண்டு வடிகால் திருகுகள் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்து பழைய எண்ணெயைப் பாதி உள்ளேயே விட்டுவிடும் கடைகள் நிறைய. கியர்பாக்ஸ் எண்ணெயும் அப்படித்தான், கம்பெனியில் வந்த டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) தனி வடிகால் திருகு உண்டு. ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட், தெர்மோஸ்டாட், பெட்ரோல் ஃபில்டர், பிரேக் எண்ணெய், பிரேக் ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.

டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் பொறித்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு என்று சொல்லும். பத்து வயது தாண்டியிருந்தால் கழற்றிப் போடுங்கள். அளவு 215/70ஆர்15, வெள்ளைக் கோடு போட்டது கிடைத்தால் அதையே போடுங்கள், இந்தக் காருக்குக் கறுப்பு டயர் பொருந்தாது.

ஏசியில் இருப்பது ஆர்-12 வாயு. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றுவிட்டது. நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். ஒழுகிப் போயிருந்தால் ரப்பர் வளையங்களையும் ஏசியில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியையும் மாற்றி ஆர்-134ஏ-க்கு மாறிக்கொள்ளலாம். இதைச் சான்றிதழ் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

1996-இல் ஃபோர்டு, 1988-இலிருந்து வந்த பல மாடல்களை இக்னிஷன் ஸ்விட்சில் தீப்பிடிக்கும் ஆபத்துக்காகத் திரும்ப அழைத்தது. உங்கள் வின் நம்பரை டீலரிடம் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். அரசு இணையதளத்தில் தேடினால் இவ்வளவு பழைய காருக்கு விவரம் வராமல் போகலாம்.

ஒருநாள் குழியில் விழுந்து எழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், இழுவை வண்டியைக் கூப்பிடும் முன் டிக்கியைத் திறங்கள். விபத்தில் பெட்ரோலை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று அங்கே இருக்கும். அதன் பொத்தான் மேலெழும்பி நின்றால் அழுத்திவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள்.

படி 9: ஓட்டுவதும் நிறுத்தி வைப்பதும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது கெடுதல், சைலன்சரில் நீர் தேங்கும். குளிர்காலத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, பேட்டரியைச் சிறு சார்ஜரில் மாட்டி வையுங்கள். எலி நுழையாமல் காற்று வடிகட்டிக் குழாயையும் சைலன்சர் முனையையும் அடையுங்கள். அடைத்ததை ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். உப்பு போட்ட சாலையில் ஒரு நாள்கூட இறக்காதீர்கள்.

தோல் சீட்டுகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய்ப்பசை உள்ள கிரீம், கூரை வினைலுக்கு வெயில் தாங்கும் பூச்சு. கதவு ரப்பர்களுக்குச் சிலிகான் தடவினால் அவை கிழியாமல் இருக்கும், காற்றுச் சத்தமும் குறையும்.

இன்னொன்று. பழைய இரும்புக் கடைகளில் இந்தக் கார்கள் வருவது வருடாவருடம் குறைகிறது. வரும்போதே பின்விளக்குக் கண்ணாடி, கூரைப் பக்கவாட்டு விளக்கு, கதவுக் கைப்பிடி, கிரில், உள்பட்டைக் கிளிப்புகள், உங்கள் நிறத்தில் ஒரு சன் வைசர் கிடைத்தால், தேவை வரும்வரை காத்திருக்காமல் வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஜன்னல் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் எந்தக் கடையிலும் நாளைக்கே கிடைக்கும், அவற்றுக்கு ஷெட்டில் இடம் ஒதுக்க வேண்டாம்.